சிவப்புச் சொட்டு: கண்டிச் சரிவுகளில் ஓட்டோ கியர் கார் ஓட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

கண்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய ஓட்டோ கியர் கார்களை வைத்துக்கொண்டு, அவற்றை நம்பியே பிள்ளைகளைப் பாடசாலைக்கும் வயதான பெற்றோரைக் கிளினிக்கிற்கும் கூட்டிப்போகும் அண்ணன்மார், அக்காமார், நானாமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும்,



பெற்றோல் ஷெட்டிலும் ஒயில் கடை வாசலிலும் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சுதான் இதை எழுத வைத்தது. "கியர் ஒயில் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. பரவாயில்ல, மாசத்துக்கு ஒருக்கா ஊத்திக்கிறேன்." இப்படிச் சொல்பவர்களில் பலர் தங்கள் வாகனத்தை உயிராகப் பார்ப்பவர்கள். எஞ்சின் ஒயிலைத் தவணை தவறாமல் மாற்றுகிறவர்கள். ஆனால் கியர்பொக்ஸ் ஒயில் இறங்குவதை மட்டும் வயதான காரின் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது இயல்பு அல்ல. எஞ்சினுக்குள் நெருப்பு இருக்கிறது, அதனால் அங்கே ஒயில் சிறிது எரிந்து குறையலாம். கியர்பொக்ஸுக்குள் எரிய எதுவுமில்லை. அங்கே அளவு குறைந்தால், ஒயில் எங்கோ வெளியே போகிறது என்பதுதான் அர்த்தம்.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். மேலும் ஒரு போத்தல் ஊற்றுவதற்கு முன்னும், "கியர்பொக்ஸ் போயிருச்சு" என்று மனம் உடைவதற்கு முன்னும், அந்த ஒயில் எந்த இடத்தால் வெளியேறுகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுங்கள். இடம் தெரிந்துவிட்டால், வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையா, மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோக வேண்டியதா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சமதரையில் ஓடும் கார் அரை லீற்றர் ஒயில் குறைந்தாலும் சில காலம் சமாளிக்கும். நமக்கு அந்த வசதி இல்லை. ஏற்றத்தில் கார் மூக்கைத் தூக்கும்போது, கியர்பொக்ஸின் அடித்தட்டான பேனில் இருக்கும் ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால், அடியில் ஒயிலை உறிஞ்சும் வாய் காற்றைக் குடிக்கத் தொடங்கும். ஓட்டோ கியரில் எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கடத்துவது, கிளச் தட்டுகளைச் சேர்த்துப் பிடிப்பது, சூட்டை வெளியே கொண்டுபோவது எல்லாம் அந்த ஒயிலின் அழுத்தத்தால் நடப்பவை. காற்றுப் புகுந்தால் அழுத்தம் விழும். எஞ்சின் இரைய, கார் நகராமல் வழுக்கும். அந்த வழுக்கல் முழுவதும் சூடாக மாறி, மிச்சமிருக்கும் ஒயிலையும் கருக்கும்.

நம் வீதிகளை நினைத்துப் பாருங்கள். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்குப் போனால் எண்பது கிலோமீற்றருக்குள் 1,850 மீற்றரைத் தாண்டிவிடுகிறோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்வதும், மஹியங்கனை வீதியில் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற பகுதியைக் குடும்பத்தோடு கடப்பதும் நமக்கு வழமையான பயணங்கள். மெதுவாக, பாரத்தோடு, ஏற்றத்தில் ஊர்வதுதான் ஓட்டோ கியருக்கு மிகக் கூடிய சூட்டைக் கொடுக்கும் ஓட்டம். எஞ்சினின் பலத்தை ஒயில் வழியாகக் கியருக்குக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டருக்குள் ஒயில் மிக மோசமாகக் கடையப்படுவது அப்போதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பின்னும் வரியைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களே அதிகம். ஐந்து வருடத்தில் கழித்துவிடலாம் என்று வாங்கிய விட்ஸும் எக்ஸியோவும் ஃபிட்டும் வெகன் ஆரும் இன்னும் நம் வாசலில்தான் நிற்கின்றன. அவற்றின் றப்பர் சீல்களும் ஓ-ரிங்குகளும் சூட்டிலும் வயதிலும் இறுகிப் போயிருக்கும். கசிவது புதுமையில்லை. கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

முதலில், கீழே கிடப்பது கியர் ஒயில்தானா என்று பாருங்கள். சிவப்பு என்றதும் முடிவு கட்டிவிடாதீர்கள். டொயோட்டாவின் கூலன்ட் சிவப்பிலும் இளஞ்சிவப்பிலும் வருகிறது. பல பழைய கார்களின் பவர் ஸ்டியரிங்கில் ஊற்றுவதும் அதே சிவப்பு ஒயில்தான். மறுபுறம், இரும்புப் பட்டியால் இயங்கும் பல சிவிடி கியர்பொக்ஸ்களின் ஒயில் பச்சையாகவோ வெளிறிய மஞ்சளாகவோ இருக்கும். நிறம் என்பது ஒயிலை அடையாளம் காணக் கம்பனி போட்ட சாயம், அவ்வளவே. வெள்ளை டிசூவில் ஒரு சொட்டைத் தொட்டு வையுங்கள். ஒயிலானால் வழவழப்பாக, கண்ணாடி போன்ற வட்டமாகப் பரவி, காயாமல் நிற்கும். கூலன்ட் தண்ணீராகப் பரவிக் காய்ந்துவிடும், இனிப்பு வாடை தெரியும். டயருக்கு உள்பக்கம் வழிந்திருக்கும் வெளிறிய திரவம் பிரேக் ஒயிலாக இருக்கலாம். அப்படியானால் இந்த மடலை வைத்துவிட்டு, காரை அசைக்காமல் பாஸைக் கூப்பிடுங்கள். ஏசி போட்டு ஓடிய பின் விழும் சுத்தமான தண்ணீருக்குக் கவலை வேண்டாம்.

அடுத்தது பாதுகாப்பு. இதில் நான் கெஞ்சிக் கேட்கிறேன். நம் வீடுகளில் முக்கால்வாசி சரிவில் கட்டியவை. ஹந்தானையிலும் அம்பிட்டியவிலும் ஹீரஸ்ஸகலையிலும் கார் நிற்கும் இடமே ஒரு சாய்வுப் பலகை. அந்தச் சாய்வில் ஜெக் அடிக்கவே கூடாது. "பார்க்ல போட்டிருக்கேன்" என்பது காவல் அல்ல. பார்க் என்பது கியர்பொக்ஸுக்குள் ஒரு பல்லில் மாட்டும் சிறிய இரும்புக் கொக்கி. முன்சக்கரம் இழுக்கும் காரில் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கினாலே போதும், அது அந்தரத்தில் சுற்றத் தொடங்கும், தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் உருளும். ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கினால் அதுவும் போச்சு. சமமான சீமெந்துத் தரையைத் தேடுங்கள், தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள், ஜெக்கால் தூக்கிய பின் பாரத்தை ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜெக் மட்டும் தாங்கும் காருக்குக் கீழே தலையைக்கூட நீட்ட வேண்டாம். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் ஸ்டாண்ட் ஆகாது, ஒரே நொடியில் நொறுங்கும். அக்வா, ப்ரியஸ் போன்ற ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் முழுதாக ஓஃப் செய்து, சாவியை வீட்டுக்குள் தூரமாக வைத்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும், "ரெடி" நிலையில் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே வேண்டாம்.

இனித் தேடல். ஒயில் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. மேலே ஒரு ஹோஸில் கசியும் ஒயில் கியர்பொக்ஸின் உடம்பில் வழிந்து, பேனின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடி, மிகத் தாழ்ந்த மூலையில் சொட்டும். சரிவில் நிற்கும் காரில் அந்தத் தாழ்ந்த மூலை எது என்பதை நம் வாசலின் சாய்வுதான் முடிவு செய்கிறது. மூக்குக் கீழ்நோக்கி நிற்கும் காரைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள், அதே கசிவு வேறு இடத்தில் சொட்டும். ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னோக்கி விசிறும். அதனால் மிகவும் ஈரமாக இருக்கும் இடத்தை நம்பாதீர்கள். ஈரம் தொடங்கும் மிக உயரமான, மிக முன்னாலுள்ள இடத்தைத்தான் தேட வேண்டும்.

பல வருட அழுக்குப் படிந்த கியர்பொக்ஸில் அதைக் காண முடியாது. எஞ்சின் நன்றாக ஆறிய பின் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் பேனையும் ஹோஸ்களையும் எக்சல் நுழையும் இரு பக்கத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். வயர் சொக்கட்டுகளிலும் சைலன்சர் குழாயிலும் பட விடாதீர்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, முழுதாகக் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் பவுடரை மெல்லிதாகத் தூவுங்கள். பிள்ளைக்குப் பூசும் சாதாரணப் பவுடரே போதும். பின்னர் ஒருமுறை ஏற்றம் ஏறி இறங்கிவிட்டு வந்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் ஈரக்கோடு எங்கிருந்து புறப்படுகிறதோ, அங்கேதான் கசிவு.

அன்றிரவு காரின் கீழ் ஒரு பெரிய கார்ட்போர்ட் மட்டையை விரித்து, எது முன்பக்கம், சக்கரங்கள் எங்கே என்று அதில் பேனையால் குறித்து வையுங்கள். ஓடி வந்த உடனே சொட்டுகிறதா, இரவு முழுக்க நின்ற பின் சொட்டுகிறதா என்பதும் ஒரு செய்தி சொல்லும். எஞ்சின் ஓடும்போது மட்டும் கசிந்தால் அழுத்தத்தில் ஒயிலை ஆறவைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலர் குழாய்கள் மீது முதல் சந்தேகம் வர வேண்டும். நின்றபோதுதான் கூடுதலாகச் சொட்டுகிறது என்றால், கன்வேர்ட்டரிலிருந்து ஒயில் மெதுவாகப் பேனுக்குள் இறங்கி மட்டம் உயர்ந்து, பேன் பெக்கிங்கையோ கியர் மாற்றும் தண்டின் சீலையோ எட்டியிருக்கலாம்.

அம்பிட்டியவில் ஒரு நண்பரின் காருக்குக் கியர்பொக்ஸை இறக்க வேண்டும், முன்சீல் போய்விட்டது என்று ஒரு கராஜில் சொல்லியிருந்தார்கள். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஒயில் சொட்டியதால் அப்படி நினைத்தது நியாயமே. கழுவிப் பவுடர் போட்டுப் பார்த்தபோது, ரேடியேட்டருக்குப் போகும் கூலர் ஹோஸின் முனை வெடித்து, அங்கிருந்து வழிந்த ஒயில் கியர்பொக்ஸின் அடிவிளிம்பைச் சுற்றி வந்து அந்த இடத்தில் விழுந்தது தெரிந்தது. ஒரு முழம் ஹோஸும் இரண்டு கிளிப்பும் போட்டதோடு வேலை முடிந்தது. எல்லாக் கசிவும் இப்படி மலிவாக முடியாது, முன்சீலே போன கார்களும் உண்டு. ஆனால் கழுவிப் பார்க்காமல் அந்த இரண்டையும் பிரித்தறிய எந்தக் கெட்டிக்கார பாஸாலும் முடியாது. அவர்களுக்கு வாடிக்கையாளர் வரிசையில் நிற்கிறார்கள், உங்கள் காரைக் கழுவிக் காயவைத்து ஓட்டிப் பார்க்க நேரமில்லை. அந்த நேரம் நமக்கு இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். வடிகட்டும் நட்டில் கசிந்தால், அதன் வொஷரைப் புதிதாகப் போடுங்கள், பழையதைத் திருப்பிப் போடாதீர்கள். ஹோஸ் என்றால், சூடான கியர் ஒயிலைத் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும் என்று கடையில் அழுத்திக் கேளுங்கள், தண்ணீர் ஹோஸும் பெற்றோல் ஹோஸும் அந்தச் சூட்டு ஒயிலைத் தாங்காமல், நடு ஏற்றத்தில் கைவிட்டுவிடும். ஹோஸ் மாட்டும் இரும்புக் குழாயில் துரு பிடித்திருந்தால் அதையும் சுத்தம் செய்யாமல் மாட்டுவதில் பயனில்லை.

பேன் பெக்கிங்கில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கசிகிறது என்றதும் போல்ட்டுகளை இன்னும் முறுக்குவார்கள். பல கார்களில் அந்தப் போல்ட்டுகளுக்கான இறுக்கம் 10 நியூட்டன் மீற்றருக்கும் குறைவு. கையின் பலத்தைக் காட்டினால் தகரப் பேன் போல்ட் துளைகளைச் சுற்றி வளைந்து, கசிவு நிரந்தரமாகிவிடும், அலுமினியத்தில் மரையும் கழன்றுவிடும். கழற்றி, இரு முகங்களையும் சுரண்டல் விழாமல் சுத்தம் செய்து, விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்து, புதிய பெக்கிங் வைத்து, குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பேனுக்குள் இருக்கும் காந்தங்களில் நுண்ணிய கருஞ்சேறு படிந்திருப்பது வழமை. இரும்புச் சில்லுகள் கிடந்தால் அது வேறு கதை, அதோடு பாஸிடம் போங்கள். ஹொண்டாவின் பல ஓட்டோ கியர்பொக்ஸ்களில் கழற்றும் பேனே கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எக்சல் சீலும் கியர்பொக்ஸ் முன்சீலும் கராஜ் வேலைகள். எக்சல் சீலுக்கு எக்சலை உருவ வேண்டும், முன்சீலுக்குக் கியர்பொக்ஸையே இறக்க வேண்டும். ஆனால் "ஒயில் லீக், பாத்துச் செய்ங்க" என்று சாவியைக் கொடுப்பதற்கும், "இடது எக்சல் சீல், பவுடர் போட்டுப் பாத்தேன், தண்டு தேஞ்சிருக்கான்னும் பாருங்க" என்று கொடுப்பதற்கும் பில்லில் பெரிய வித்தியாசம் வரும். கசிவை நிறுத்தும் மருந்து என்று விற்கும் போத்தல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை இறுகிய றப்பரைக் கொஞ்சம் ஊத வைக்கும், கிழிந்ததை ஒட்டாது.

இப்போது எந்த ஒயில் என்ற கேள்வி. இதற்கு ஒரு பழைய கதை உதவும். அமெரிக்காவில் ஓட்டோ கியர் பரவிய காலத்தில், கிளச் தட்டுகள் அதிராமல் மென்மையாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகக் கியர் ஒயிலில் விந்துத் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டங்கள் அந்த எண்ணெயை நிறுத்தின. அதற்கு ஈடான சேர்மானத்தைக் கண்டுபிடிக்க இரசாயனக் கம்பனிகள் படாதபாடு பட்டன. கியர் ஒயில் வெறும் வழுக்கும் திரவம் அல்ல, எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்று அளந்து செய்த கலவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே டொயோட்டா டபிள்யூஎஸ் ஒயில் கேட்கும் பெட்டிக்கு அதற்குரியதை ஊற்றுங்கள், ஹொண்டா டீடபிள்யூ-1 கேட்டால் அதை. சிவிடிக்குச் சாதாரணச் சிவப்பு ஒயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள், உள்ளிருக்கும் இரும்புப் பட்டி வழுக்கித் தேய்ந்துவிடும். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரவழைத்தாலும் சரி, இங்கே வாங்கினாலும் சரி, கார் புத்தகத்தில் இருக்கும் பெயரைக் காட்டி, சீல் உடைக்காத டின்னாக வாங்குங்கள். உதிரியாக ஊற்றித் தருவதை வாங்க வேண்டாம்.

மட்டம் பார்ப்பதும் காருக்குக் கார் வேறுபடும். டிப் ஸ்டிக் இருக்கும் டொயோட்டாவில் ஓடிச் சூடான பின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்து எல்லாக் கியருக்கும் ஒருமுறை மாற்றி, பார்க்குக்கு வந்து பார்க்க வேண்டும். ஹொண்டாவில் சூடான எஞ்சினை நிறுத்திய ஒன்றரை நிமிடத்துக்குள். டிப் ஸ்டிக் இல்லாத புதியவற்றில் ஒயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வரும்போது மட்ட நட்டைத் திறந்து பார்க்கிறார்கள். அதற்கு வெப்பம் காட்டும் கருவி வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை சமதரை. நம் வாசலின் சரிவில் பார்த்த அளவு எப்போதும் பிழையாகத்தான் இருக்கும். "குறைவா இருக்கு" என்று கூட ஊற்றிவிட்டால் உள்ளே நுரைத்து, கியர்பொக்ஸின் மூச்சுக் குழாயால் வெளியே தள்ளும். இல்லாத கசிவைத் தேடிக்கொண்டிருப்போம். பேனைக் கழற்றியவர்கள் வடிந்ததை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பாதியளவோ அதற்கும் குறைவோதான் வடியும், மிச்சம் கன்வேர்ட்டருக்குள் நிற்கும். அளந்த கணக்கு இல்லாமல் "முழு அளவு" என்று புத்தகத்தில் போட்டிருப்பதை ஊற்றிவிடாதீர்கள்.

இன்னொரு நிலையிலும் காரை ஸ்டார்ட் பண்ணவே கூடாது: ஒயில் பலூடா நிறத்தில் பால் போலக் கலங்கியிருந்தால். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கும், அல்லது வெள்ளத்தில் நின்ற கார் மூச்சுக் குழாயால் தண்ணீர் குடித்திருக்கும். பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் மூழ்கும் அக்குறணை மக்களுக்கும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியில் வாகனங்களைத் தண்ணீரில் விட்டவர்களுக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் கார்களைக் கட்டி இழுக்காமல், தட்டு லொறியில் ஏற்றித்தான் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும்.

வடித்த ஒயிலைப் பற்றியும் பேச வேண்டும். நம் வாசல் வடிகானில் விழுவது எங்கே போகிறது என்று நமக்கெல்லாம் தெரியும். நகரத்துச் சரிவுகளின் தண்ணீர், 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் கட்டத் தொடங்கிய வாவிக்கும், அதிலிருந்து புறப்பட்டு நகரைக் கடக்கும் மெத எலவுக்கும் இறங்குகிறது. மெத எல கெட்டம்பேயருகே மகாவலியில் சேர்கிறது. மகாவலி கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிப் பொல்கொல்லை அணைக்கட்டுக்குப் போய், அங்கிருந்து சுரங்கவழியாக உக்குவளைப் பக்கம் மாத்தளைக்கும் வடக்கே வயல்களுக்கும் திருப்பப்படுகிறது. நாம் குடிப்பதும் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான். பழைய ஒயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் சேவிஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். கேனில் சமையல் எண்ணெய், கூலன்ட் எதுவும் கலக்காதீர்கள், கலந்தால் எடுக்க மாட்டார்கள். தரையில் சிந்தியதன் மேல் மரத்தூளைப் போட்டு உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவுவது அதை வடிகானுக்கு அனுப்பும் வேலைதான்.

சரிசெய்த பின் ஒரு வாரம் அந்த மட்டையைக் காருக்குக் கீழேயே விட்டு வையுங்கள். ஒரு நல்ல ஏற்றம் ஏறி வந்த பிறகும் அது காய்ந்திருந்தால்தான் வேலை முடிந்தது.

கடைசியாக, வீட்டு முற்றம் சமதரையாக அமைந்த சிலர் உங்களுக்குள் இருப்பீர்கள். குண்டசாலையிலும் திகனையிலும் பேராதனைத் தாழ்விலும் அப்படி வீடுகள் உண்டு. சரிவில் வாழும் அயலவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை காரோடும் இரண்டு ஸ்டாண்டோடும் வந்து கேட்டால், அந்தத் தரையை ஒரு பகலுக்கு அவருக்குக் கொடுத்து உதவுங்கள்.

அன்புடன்,
ஹந்தானைச் சரிவில் வசிக்கும் ஒருவன்